கீரை மிட்டாய்

"இது யாருது?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது என் வாய் என்னைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டது.

"என்னுதுதான் சார்."

சொன்ன பிறகுதான் அவர் கையில் என்ன இருக்கிறது என்றே பார்த்தேன். எங்கள் பிஸ்கட் டப்பா. மூடியில் பூனைப் படம் போட்ட, ஓரம் நசுங்கிய தகர டப்பா. அதை அவர் வெறுங்கையால் தொடவில்லை. ரப்பர் உறை மாட்டிய கையால், செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவது மாதிரி தூக்கிக்கொண்டு நின்றார்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று அப்புறம் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். போலீஸ் கேட்டது. வக்கீலம்மா கேட்டார். என் பெண்டாட்டி தலையில் அடித்துக்கொண்டு கேட்டாள். எங்கள் சலவைக்கூடத்தில் ஒரு பொழுது நின்று பார்த்தவர்கள் கேட்டிருக்கமாட்டார்கள்.

ஓட்டல்களின் படுக்கை விரிப்பும் துண்டும் மூட்டை மூட்டையாக எங்களிடம் வரும். துவைக்கிற மிஷினில் நிற்பவர் எப்போதும் சொட்டச் சொட்ட நனைந்தே இருப்பார், அதனால் அவருக்கு மழை என்று பெயர். பிழிந்து வருகிற விரிப்பை விரித்து, சூட்டில் இஸ்திரி போடுகிற நீராவி உருளைக்குள் கொடுப்பது என் வேலை. மறுபக்கம் சுடச்சுட வருவதை வாங்கி மடிப்பவள் பட்டாசு. உருளை போடுகிற சத்தத்தையும் தாண்டி அவள் பேச்சு கேட்கும், வேறு என்ன பெயர் வைப்பது? என்னை அண்ணே என்பாள். அவள் புருஷன்தான் கம்பெனி வேன் ஓட்டுகிறவர். அந்த முறைக்கு அவர் என்னை மச்சான் என்பார், பார்க்கிற இடத்தில் எல்லாம் வம்புக்கு இழுப்பார்.

உருளை கொஞ்சம் கூடுதலாகச் சூடேறினால் விரிப்பில் பழுப்பு விழுந்துவிடும். சில சமயம் கிழியும். அதைத் தூக்கிக்கொண்டு மேற்பார்வையாளர் வருவார். சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டவர், நாங்கள் அவரைக் கண்ணாடி என்போம், அவர் இல்லாதபோது. "யாரு வேலை இது? யாருது இது?" என்று கத்துவார். நான் உடனே "என்னுதுதான் சார்" என்பேன். நான் செய்ததா, மற்றவர் செய்ததா என்றெல்லாம் பார்க்கமாட்டேன். புதிதாகச் சேர்ந்த யாராவது மாட்டினால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். உருளையில் கை பழகினவனை அனுப்ப அவருக்கு மனசு வராது. வாய் வலிக்கும்வரை திட்டிவிட்டுப் போய்விடுவார். அவருக்கும் திட்டுவதற்கு ஒரு ஆள் அகப்பட்டால் போதும். உடைந்த டீ கிளாஸ், திறந்து கிடந்த குழாய், வழியில் கிடந்த செருப்பு எல்லாமே என்னுதுதான். வருஷக்கணக்கில் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மூட்டைக்குள் ஓட்டலில் தங்கினவர்கள் மறந்துவிட்ட சாமான்களும் வரும். மோதிரம், கடிகாரம் என்றால் நேராகக் கண்ணாடியின் மேஜைக்குப் போய்விடும். அதில் ஒருநாளும் நாங்கள் கை வைத்ததில்லை. பிஸ்கட், சாக்லேட் மாதிரி தின்பண்டம் வந்தால் டப்பாவுக்குப் போகும். டீ குடிக்கும்போது பங்கு. எனக்குச் சர்க்கரை வியாதி. அதனால் என் பங்கைப் பட்டாசு காகிதத்தில் சுற்றி என் சாப்பாட்டுத் தூக்கில் போட்டுவிடுவாள்.

"என் மருமகளுக்கு வச்சிருக்கேன் அண்ணே. வழியில நீயே தின்னுட்டு ஆஸ்பத்திரில போய்ப் படுத்துக்காத."

மருமகள் என்றால் என் பெண். வீட்டில் பாப்பா என்று கூப்பிடுகிறோம். நான் வாசலில் கால் வைப்பதற்குள் தூக்கைப் பிடுங்கிப் பார்த்துவிடும்.

அன்றைக்கு வந்தது ஒரு மினுமினுப்பான பாக்கெட். மேலே பழங்களின் படம். எழுத்து ஏதோ வேற்று மொழி. நம் எழுத்தையே நான் தலை நரைத்த பிறகு இரவுப் பள்ளியில் கற்றுக்கொண்டவன், அது எங்கே தெரியப்போகிறது? மூலையில் சின்னதாகப் பச்சை இலை ஒன்று போட்டிருந்தது. உள்ளே சர்க்கரை பூசின ஜெல்லி மிட்டாய், சிவப்பும் மஞ்சளுமாக.

"கீரை போட்ட மிட்டாய் போல இருக்கு" என்றாள் பட்டாசு. "பணக்காரங்க உடம்புக்கு நல்லதுன்னு எதையாவது தின்னுக்கிட்டே இருப்பாங்க."

மழை ஒன்றை வாயில் போட்டார். உடனே கையில் துப்பினார். "புல்லு வாசம் அடிக்குது தாயி. மாடு தின்னும்."

"அப்ப உனக்கு ரெண்டு கூட வேணுமே" என்று சொல்லிக்கொண்டே அவள் கை நிறைய அள்ளிக்கொண்டாள். காலையில் சாப்பிடாமல் வந்திருந்தாள். தின்றுகொண்டே என் பங்கையும் சுற்றித் தூக்கில் வைத்தாள். மிச்சம் மறுபடி டப்பாவுக்குள் போனது.

டீ முடிந்து வேலை ஓடிக்கொண்டிருந்தது. என்னவோ குறைகிறதே என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது, உருளைச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. பட்டாசு பேசவில்லை.

எட்டிப் பார்த்தேன். சூடான விரிப்பைக் கையில் ஏந்திக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கை சுடுவதுகூடத் தெரியவில்லை.

"அண்ணே, இந்தத் துணி முடியவே மாட்டேங்குது" என்றாள். சிரித்தாள். அடுத்த மூச்சில் அந்தச் சிரிப்பே அழுகையாகிவிட்டது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. "நெஞ்சு வெளிய வந்துரும்போல இருக்கு. அண்ணே, நான் செத்துட்டேனா? இல்ல, சொல்லு, செத்துட்டேனா?"

வேன்காரர் ஓடிவந்து அவளைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். வெக்கை தாங்கவில்லை, சாப்பிடாத மயக்கம் என்று நாங்களாக ஒன்றைச் சொல்லிக்கொண்டோம். ஆஸ்பத்திரியில் டாக்டர், அவள் தின்றது என்ன என்று விசாரித்து வேறு மாதிரி சொல்லியிருக்கிறார். வேலை முடிகிற சங்கு ஊதுவதற்குள் போலீஸ் வந்துவிட்டது.

அந்த டப்பாவைத் தூக்கிக் காட்டித்தான் இன்ஸ்பெக்டர் கேட்டார். நானும் சொல்லித் தொலைத்தேன்.

*

காவல் நிலையத்தில் என்னைச் சுவரோரம் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். என் கண் முன்னாலேயே ஒரு மிட்டாயைக் கிள்ளிச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, மருந்தை ஊற்றிக் குலுக்கினார்கள். அது மெல்ல மெல்ல ஊதா நிறமானது. அந்த நிறத்தைப் பார்த்ததும் அங்கிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"கஞ்சா மிட்டாய்" என்றார் இன்ஸ்பெக்டர். "எங்கேருந்து வாங்குற?"

"வாங்கல சார். மூட்டையில வந்துச்சு."

"உன்னுதுன்னு சொன்ன?"

"அது சும்மா சொன்னது சார்."

"சும்மா சொன்னியா? போலீஸ்கிட்ட?"

"எல்லார்கிட்டயும் அப்படித்தான் சார் சொல்லுவேன்."

எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "நாலு பேருக்குக் குடுத்திருக்க. ஒரு பொம்பள ஆஸ்பத்திரில கெடக்குது. நீ மட்டும் ஒண்ணுகூடத் தின்னல. ஏன்?"

"எனக்குச் சர்க்கரை சார். நான் தின்னமாட்டேன். என் பங்கைத் தூக்குல…"

உடம்பு முழுக்க ஒரே வீச்சாகச் சில்லிட்டுப் போனது.

என்னை ஜீப்பில் ஏற்றும்போது மழை ஓடிவந்து, "நீ பயப்படாத, நான் வீட்டுல சொல்லிடுறேன். தூக்கைக் குடுத்துடுறேன்" என்று சொல்லியிருந்தார். இந்நேரம் கொடுத்திருப்பார். பாப்பா பிடுங்கியிருக்கும். உள்ளே காகிதச் சுருளைப் பார்த்துக் குதித்திருக்கும். பட்டாசு நல்ல வளர்ந்த பொம்பளை, அவளே நெஞ்சு வெளியே வருது, செத்துட்டேனா என்று கேட்டாள். பாப்பாவின் நெஞ்சு என் உள்ளங்கை அகலம்கூட இருக்காது.

வாயைத் திறந்தால் இன்னொரு மிட்டாயும் என் கணக்கில் ஏறும். வீட்டுக்குக் கடத்தினான் என்பார்கள். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நான் அதற்குள் பெஞ்சை விட்டு எழுந்து கத்திக்கொண்டிருந்தேன்.

"சார், இன்னொண்ணு இருக்கு! எங்க வீட்டுல இருக்கு! என் பொண்ணு தின்னுடும் சார், ஒரு போன் குடுங்க, கால்ல விழுறேன்."

"அப்படி வா வழிக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். நல்லவேளை, எழுதுகிற போலீஸ்காரர் அவரைப் பார்க்காமலே தன் போனை என் கையில் திணித்தார். அவருக்கும் பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் எனக்கு உயிர் போய் வந்தது.

"என்னங்க, எங்க இருக்கீங்க? மழை அண்ணன் வந்து என்னென்னமோ சொல்றாரு…"

"பாப்பா எங்க? தூக்கைத் தொறந்தாளா?"

"தொறக்காம இருப்பாளா? அதெல்லாம் இப்ப எதுக்கு? உங்கள எதுக்குப் போலீஸ்…"

"அதுல இருந்த மிட்டாயத் தின்னாளா? பாருடி! வாயைத் தொறந்து பாரு!"

என் குரலில் அவளுக்கு என்ன கேட்டதோ, மறுபேச்சு பேசவில்லை. போன் எங்கோ கீழே விழுகிற சத்தம். "பாப்பா, வாயத் தொற. தொறடி! முழுங்கிட்டியா?" பிள்ளை வீறிட்டு அழுதது. அந்த அழுகையில் என்னால் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியவில்லை. போலீஸ்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது, நான் விழப்போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ.

"இல்லங்க" என்றாள், மூச்சு வாங்க. "கையிலதான் வச்சிருக்கா. அப்பா வந்ததும் பாதி குடுத்துட்டுத் தின்னலாம்னு வச்சிருந்தாளாம். என்னங்க அது? விஷமா?"

அன்றைக்கு நான் அழுதது கைதானதற்கு என்று நிலையத்தில் நினைத்திருப்பார்கள். இருக்கட்டும்.

அந்த ஒற்றை மிட்டாயையும் போலீஸ் போய் வாங்கி, தனி உறையில் போட்டு ஒட்டினார்கள்.

*

என் மைத்துனன் கையெழுத்துப் போட, ஜாமீனில் வெளியே வந்தேன். கோர்ட்டே எனக்கு ஒரு வக்கீலம்மாவை ஏற்பாடு செய்து கொடுத்தது. சின்ன அறை, மேஜை முழுக்கக் கட்டுகள், மேலே ஓடாத மின்விசிறி. அவர் நேராகப் பேசுகிறவர்.

"ரெண்டு குற்றம் போட்டிருக்காங்க. ஒண்ணு, வச்சிருந்தது. ரெண்டாவது, அடுத்தவங்களுக்குக் குடுத்தது. அளவும் கூடுதலா காட்டியிருக்காங்க."

"அளவா? ஒரு பாக்கெட்டுகூட முழுசா இல்லியேம்மா."

"இலையா இருந்தா இலையை எடை போடுவாங்க. இது மிட்டாயில கலந்தது. கஞ்சாச் சத்து எவ்வளவுன்னு தனியா பிரிச்சுப் பாக்கல. மிட்டாயோட சேத்து எடை போட்டிருக்காங்க."

"சர்க்கரையையுமா?"

"சர்க்கரை, சாயம், ஜெல்லி எல்லாத்தையும்தான். அதை நான் எதிர்த்துப் பேசுவேன். கேப்பாங்களான்னு தெரியாது. கேக்கலன்னா ஜெயில் வருஷக்கணக்குல போகும்."

எத்தனையோ வருஷமாகச் சர்க்கரையை நான் கையால் தொட்டதில்லை. அது என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டது.

"டப்பா எல்லாருக்கும் பொதுன்னு சொல்லலாமாம்மா?"

"சொல்லலாம். பொதுன்னா எல்லாருக்கும் பொறுப்புன்னு சொல்லி எல்லாரையும் இழுத்தாலும் இழுப்பாங்க. பரவாயில்லையா?"

எனக்கு மழையின் முகம் நினைவுக்கு வந்தது. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

"அப்ப மிச்சம் ஒண்ணுதான். அது என்னன்னு உங்களுக்குத் தெரியாது. தெரியாம வச்சிருந்தா குற்றம் நிக்காது. ஆனா தெரியாதுன்னு திருடன்கூடத்தான் சொல்லுவான். உங்களுக்குத் தெரியாதுன்னு நான் எதை வச்சுக் காட்டுறது? நீங்களோ என்னுதுன்னு வேற சொல்லி வச்சிருக்கீங்க."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "தெரிஞ்சிருந்தா என் புள்ளைக்குக் குடுத்தனுப்புவேனாம்மா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "வீட்டுல எடுத்த அந்த ஒண்ணு, பொண்ணுக்காக வச்சதா? விக்கிறதுக்குப் பதுக்குனதுன்னு எழுதியிருக்காங்க."

"பட்டாசுதான் வச்சா. எப்பவும் அவதான் வப்பா."

"மயக்கம் போட்டு விழுந்தாங்களே, அவங்களா? அவங்க விழறதுக்கு முன்னாடியே வச்சாங்களா?"

"டீ குடிக்கிறப்பவே."

"இதை அவங்க வாயால கோர்ட்டுல சொல்லணும். உங்க உயிர் இதுலதான் இருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா சொன்னா, அப்ப நீயும்தானே எடுத்துக் குடுத்தன்னு அவங்க மேல திரும்பலாம். அதையும் நான் அவங்களுக்குச் சொல்லித்தான் ஆகணும். நீங்க போய்ப் பேசாதீங்க, சாட்சியக் கலைச்சீங்கன்னு அது வேற வந்து சேரும்."

பேசக்கூடாது என்றார். போகக்கூடாது என்று என் காலுக்கு யார் சொல்வது? அவள் எப்படி இருக்கிறாள் என்று மட்டும் பார்த்துவிட்டு வரலாம் என்று அவர்கள் தெருவுக்குப் போனேன். வேன் வாசலில் நின்றது. வேன்காரர் டயரைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துணியை உதறிக்கொண்டு எழுந்தார்.

"யோவ், எதுக்கு வந்த?"

அந்த யோவ் என்னை அறைந்தது. மச்சான் என்ற வாய்.

"தங்கச்சி எப்படி…"

"தங்கச்சியா? செத்துப் பொழச்சு வந்திருக்கா. ராவெல்லாம் தூக்கத்துல துணி முடியல, துணி முடியலன்னு உளறுறா. நீ ஒண்ணுகூடத் தின்னலையாமே. போலீஸ்காரன் என்கிட்டதான் கேட்டான், அவன் ஏன் தின்னலன்னு. எனக்கும் அதான்யா தெரியணும்."

"எனக்குச் சர்க்கரைன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். தெரிந்தும் பயம் அவரை அப்படிப் பேசவைத்தது. "அவள கோர்ட்டுல உன் பக்கம் பேசச் சொல்லி வந்தியா? பேசினா அவளையும் புடிச்சு உள்ள வப்பான்னு அந்த வக்கீலே சொல்லுச்சு. போயிடு. மரியாதை கெட்டுரும்."

ஜன்னல் திரை அசைந்தது. உள்ளே அவள் நிற்கிறாள் என்று தெரிந்தது. அவள் வீட்டு வாசலில் நின்று அத்தனை அமைதியை நான் கேட்டதே இல்லை.

*

கோர்ட் அறையில் எல்லோரும் மெல்லத்தான் பேசுகிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் காதில் ஆணி அடித்தாற்போல் இறங்குகிறது. எங்கள் பூனை டப்பா மேஜைமேல், கண்ணாடித்தாள் பைக்குள் இருந்தது. அதைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

முதலில் எங்கள் கண்ணாடி வந்து நின்றார்.

"டப்பாவா? அப்படி ஒண்ணு இருந்ததே எனக்குத் தெரியாதுங்க."

"கிரீம் பிஸ்கட்ட மட்டும் மோப்பம் புடிச்சு வருவாரு" என்று பின்வரிசையில் மழையின் குரல் கேட்டது. நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். மழை பெஞ்சுக்குள் புதைந்துபோனார்.

அரசாங்க வக்கீல் சத்தம் போடவே இல்லை. நூலில் மணி கோப்பது மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தார். டப்பா தன்னுடையது என்று இவரே சொன்னார். மற்றவர்களுக்குக் கொடுத்தார். தான் மட்டும் தின்னவில்லை. ஒன்றை வெளியே கடத்தினார், பிடிபட்டதும் அதையும் இவரே ஒப்புக்கொண்டார். அவர் சொல்லச் சொல்ல, இத்தனையும் செய்தவன் எவனோ ஒருவன் எனக்கு முன்னால் எழுந்து நிற்பது மாதிரி இருந்தது. அவன் முகம் என் முகம். ஒரு நிமிஷம், நான்தான் செய்தேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

என் பெண்டாட்டி பாப்பாவை அண்டை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் பட்டாசுக்காகத்தான் காத்திருந்தாள்.

பட்டாசைக் கூப்பிட்டது அரசாங்கத் தரப்பு. பாதிக்கப்பட்டவள் அவள்தானே. புருஷன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விட்டார். இளைத்திருந்தாள். கூண்டில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு மிட்டாய் எங்கே கிடைத்தது?" என்று கேட்டார் அரசாங்க வக்கீல்.

"டப்பாவுல."

"யார் டப்பா?"

உதடு அசைந்தது. எனக்குக் கேட்கவில்லை. யாருக்குமே கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"தெரியல" என்றாள்.

அவள்மேல் கோபமே வரவில்லை. ஜெயில் கதவு எந்தப் பக்கம் திறக்கும், உள்ளே சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்ள விடுவார்களா என்று மனசு தானாக வேறெங்கோ போய்விட்டது.

எங்கள் வக்கீலம்மா எழுந்தார். "இவருடைய வீட்டில் ஒரு மிட்டாயை எடுத்திருக்கிறார்கள். அது அங்கே எப்படிப் போனதென்று உங்களுக்குத் தெரியுமா?"

நீதிபதி கையைக் காட்டி நிறுத்தினார். "இதற்கு நீங்கள் பதில் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. சொன்னால் உங்களுக்கே அது பாதகமாகலாம். புரிகிறதா?"

"புரியுதுங்க."

கம்பியைப் பிடித்த அவள் விரல்கள் வெளுத்துவிட்டன. சூட்டில் காப்புக் காய்த்த விரல்கள். மறுபடியும் புருஷனைப் பார்த்தாள். வேன்காரர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். சொல்லு என்று சொன்னாரா, வேண்டாம் என்று சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"நான்தாங்க வச்சேன்!"

உருளைக்கு அந்தப் பக்கம் இருந்து கத்துகிற அதே குரல். அந்த அறையில் அது இடி மாதிரி விழுந்தது. எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைத் தவறவிட்டார்.

"காகிதத்துல சுத்தி அவரு தூக்குல நான்தான் வச்சேன். என் மருமகளுக்குன்னு வச்சேன். எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. தெரிஞ்சா நான் அள்ளி அள்ளித் தின்னிருப்பேனா? அந்தப் பிஞ்சுக் கொழந்தைக்குக் குடுத்துவிடுவேனா? கீரை மிட்டாய்னு நெனச்சோங்க. படம் போட்டிருந்துச்சுங்க!"

"டப்பா தன்னுடையது என்று அவரே சொன்னாரே?" என்று குறுக்கிட்டார் அரசாங்க வக்கீல்.

"அவரு எதைக் கேட்டாலும் என்னுதுன்னுதான் சொல்லுவாரு. நான் கிழிச்ச துணிக்கெல்லாம் அவருதான் திட்டு வாங்குவாரு. வேணும்னா இந்தா மேல ஓடுதே ஃபேன், அது யாருதுன்னு கேட்டுப் பாருங்க!"

பின்வரிசையில் சிரித்தார்கள். நீதிபதியும் மேலே பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், கேட்டுவிடுவாரோ என்கிற மாதிரி. நான் பல்லைக் கடித்து உதட்டை இறுக்கிக்கொண்டேன். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே நிச்சயமில்லை.

இறங்கி வரும்போது அவள் கால் தடுக்கியது. புருஷன் ஓடிப்போய்ப் பிடித்தார். வாசலில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். அவளைக் கூட்டிப் போகத்தான் நிற்கிறார் என்று நாங்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் நினைத்தோம். அவர் வழி விட்டார்.

தீர்ப்புச் சொன்ன நாளில் பாதி எனக்குக் கேட்கவே இல்லை. தெரிந்தே வைத்திருந்தார் என்று காட்டவில்லை, தெரிந்திருந்தால் சொந்தப் பிள்ளைக்கு அனுப்பியிருக்கமாட்டார் என்கிற மாதிரி ஏதோ படித்தார்கள். வக்கீலம்மா என் கையைத் தொட்டு, "போகலாம்" என்றார்.

"பட்டாசை ஒண்ணும் பண்ணமாட்டாங்களாம்மா?"

"பண்ணமாட்டாங்கன்னுதான் நெனக்கிறேன்."

நினைக்கிறேன் என்றுதான் சொன்னார்.

*

வேலைக்குத் திரும்பிப் போனேன். அலமாரியில் டப்பா இருந்த இடத்தில் வட்டமாகத் துருக்கறை மட்டும் இருந்தது. மூட்டையில் தின்பண்டம் வந்தால் இப்போது யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை, துடைப்பத்தால் தள்ளிக் குப்பையில் போடுகிறோம். வேன்காரர் என்னைப் பார்த்து "வா மச்சான்" என்றார். முன்னைப் போல வம்புக்கு இழுக்காமல் வேனில் ஏறிக்கொண்டார். தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் பட்டாசின் கை மடிப்பில் நின்றுவிடும். தாண்டிப் போன பிறகுதான் மறு மடிப்பு விழும்.

நான் இல்லாத நாட்களில் என் இடத்துக்கு ஒரு ஆளை எடுத்திருந்தார்கள். என்னைவிட வயதானவர், வேறு எங்கோ வேலை போய் வந்தவர். அவரையும் உருளையிலேயே என் பக்கத்தில் நிறுத்தினார்கள். விரிப்பின் ஒரு முனை அவருக்கு, ஒரு முனை எனக்கு. கை இன்னும் பழகவில்லை.

அன்றைக்கு மதியம் கண்ணாடி ஒரு விரிப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். நடுவில் கையகலத்துக்குப் பழுப்பு, சுருக்கத்தோடு வெந்திருந்தது.

"யாருது இது?"

உருளை ஓடிக்கொண்டிருந்தது. மழை அங்கிருந்து என்னைப் பார்த்தார். பட்டாசு இந்தப் பக்கம் எட்டி என்னைப் பார்த்தாள். எல்லோருக்கும் என் பதில் தெரியும். எனக்கும் தெரியும். வாயைத் திறந்தேன்.

ரப்பர் உறை மாட்டிய கை என் கண் முன்னால் வந்து நின்றது. குப்பிக்குள் மெல்ல மெல்ல ஊதாவாகிய தண்ணீர். வாயத் தொறடி, முழுங்கிட்டியா.

"கேக்குறேன்ல? யாருது?"

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அசைக்கப் பார்த்தேன். அசையவில்லை.

பக்கத்தில் நின்ற பெரியவர் மெதுவாகக் கையைத் தூக்கினார். கண்ணாடி அவரை ஆபீஸ் பக்கம் வரும்படி விரலை அசைத்துவிட்டு முன்னால் நடந்தார். பெரியவர் போகும்போது திரும்பி ஒருமுறை என்னைப் பார்த்தார். என்னைப் பற்றி யாராவது அவருக்குச் சொல்லியிருப்பார்கள்.

அடுத்த விரிப்பின் இரண்டு முனையையும் நானே பிடித்து உருளைக்குள் கொடுத்தேன். அந்தப் பக்கம் பட்டாசு அதை வாங்கி மடித்தாள். ஒன்றும் பேசவில்லை.